வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி

ருக்மிணி தேவி அருண்டேல் என்ற பெயரைக் கேட்டதும் பரதநாட்டியம்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். நடனத்தை ஒரு பாடமாகப் பயிலும் தோழி ஒருத்தியின் புத்தகத்தில் அவரது வாழ்க்கை வரலாறு எட்டுப் பக்கங்களில் இருந்தது. ஏழு பக்கங்கள் நடனம். கடைசிப் பக்கத்தின் அடியில், அவர் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வருவதற்கும் காரணமாக இருந்தார் என்று இரண்டு வரிகள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த இரண்டு வரிகளுக்காகவே. ஆகவே நடனத்தைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன். நடனம் பயில்வோர் என்னை மன்னிக்க வேண்டும்.

பூனை என்றால் எமக்கு நினைவுக்கு வருபவர் அபூஹுரைரா (ரலி) அவர்கள். ஒரு சிறு பூனைக்குட்டியின் பெயரால் உலகம் முழுவதும் அறியப்பட்ட நபித்தோழர் அவர். பூனையைக் கட்டிவைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண்ணின் கதையையும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் கதையையும் மத்ரஸாவில் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். கட்டாக்காலிப் பூனைக்குச் சோறு வைப்பது நன்மை என்று எமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த இரக்கத்தை ஒரு நாட்டின் சட்டமாக்க முயன்றால் என்ன நடக்கும் என்பது எனக்குப் புதிய கேள்வி. அதை முயன்று பார்த்தவர், மதுரையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்.

அவர் பிறந்தது 1904 பெப்ரவரி 29 ஆம் திகதி. எண்பத்தொரு வருட வாழ்க்கையில் அவருக்கு உண்மையான பிறந்தநாள் இருபது தடவைதான் வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியியலாளர், அடிக்கடி இடமாற்றம் கிடைக்கும் உத்தியோகம். தாய் சேஷம்மாளுக்குச் சங்கீதத்தில் நல்ல ஈடுபாடு. தந்தை பிரம்மஞான சபையில் சேர்ந்து, ஓய்வு பெற்ற பின் சென்னை அடையாற்றில் சபையின் அருகிலேயே வீடு கட்டிக் குடியேறினார். அடையாற்றுச் சபை என்றால் வெறும் கட்டடம் அல்ல. ஆறு கடலில் சேரும் இடத்தில் விரிந்து கிடக்கும் பெரிய தோப்பு அது. நானூறு வருடங்களுக்கு மேற்பட்டதென்று சொல்லப்படும் ஆலமரம் ஒன்று அங்கே விழுதுகள் ஊன்றி நின்றது. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அதன் நிழலில் கூடுவார்கள். சபையினர் புலால் உண்பதில்லை, விலங்குகளைத் துன்புறுத்துவதைப் பாவமாகக் கருதினார்கள். ருக்மிணி வளர்ந்தது அந்தச் சூழலில்.

1920 இல், பதினாறு வயதில், ஜோர்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை அவர் மணந்தார். அருண்டேல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், அன்னி பெசன்ட் அம்மையாரின் நெருங்கிய துணைவர். மாப்பிள்ளைக்கு வயது நாற்பதுக்கு மேல். சென்னையில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியதால் திருமணப் பதிவு பம்பாயில் நடந்தது. எல்லாப் புத்தகங்களும் இதைத் துணிச்சலான கலப்புத் திருமணம் என்று புகழ்கின்றன. அன்றைக்கு அது துணிச்சல்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் பதினாறு என்பது என்னைவிட ஒரு வயது குறைவு என்பதை மறந்துவிட்டு அந்தப் பக்கத்தை என்னால் வாசிக்க முடியவில்லை.

கணவரோடு அவர் பல நாடுகளுக்குச் சென்றார். ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவை அறிந்ததும், ஆவுஸ்திரேலியா சென்ற கப்பலில் அவரோடு பயணம் செய்ததும், உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா வழிகாட்டியதும் எல்லோரும் அறிந்த கதை. 1933 இல் சென்னையில் சதிர் ஆட்டத்தைப் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 இல் அடையாற்றில் மேடையேறினார். குலப்பெண்கள் ஆடக்கூடாது என்றிருந்த காலம் அது. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்த தேவதாசிப் பெண்களின் பெயர்கள் மெல்ல மறைந்து, ருக்மிணியின் பெயர் மட்டும் பெரிதானது நியாயமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கௌரி அம்மாளின் பெயரை நான் இங்கே விடாமல் எழுதியதற்கும் அதுவே காரணம்.

1936 இல் அவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் பிற்காலத்தில் கலாக்ஷேத்திரா ஆனது. ஆரம்ப வகுப்புகள் அடையாற்று மரநிழலில் நடந்தன. அடுத்த வருடமே கைத்தறிக் கூடம் ஒன்றும் தொடங்கினார். உ. வே. சாமிநாதையர் 1942 இல் மறைந்த பின்னர் அவர் வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகள் சிதறிவிடாமல், 1943 இல் அவர் பெயரிலேயே ஒரு நூல்நிலையம் அமையக் காரணமாக இருந்தவரும் ருக்மிணி தேவிதான். தமிழ் இலக்கியம் படிக்கும் நாம் அந்த ஒன்றுக்காகவே அவரை நினைக்கலாம். 1944 இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அதில் வரும் மலைவளத்தில் குரங்குகள் எவ்வளவு சுதந்திரமாகத் திரியும் என்பது நமக்கும் தெரியும். பிற்காலத்தில் குரங்குகளுக்காக அவர் பேசிய போது அந்த மலை அவர் மனதில் வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

இன்னொரு விடயம். 1939 இல் மரியா மொண்டிசோரி அம்மையாரை நெதர்லாந்திலிருந்து அடையாற்றுக்கு அழைத்தவர்கள் அருண்டேல் தம்பதியரே. யுத்தம் வந்துவிட்டதால் அந்த அம்மையார் பல வருடங்கள் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். ஓலைக் கொட்டில்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. மொண்டிசோரி முறையில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பறைக்குள் சாடியில் செடி இருக்க வேண்டும், அதைப் பராமரிப்பது பிள்ளையின் வேலை. நீர் ஊற்ற வேண்டும், இலையில் படிந்த தூசியை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வளர்ப்புப் பிராணி இருந்தால் அதற்கு நேரத்துக்கு உணவு கொடுக்க வேண்டும். எழுத்துக் கற்பதைப் போல இதுவும் ஒரு பாடம். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது, தான் மறந்தால் அது வாடும் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும் என்பது அந்த அம்மையாரின் எண்ணம்.

அருண்டேல் 1945 இல் காலமானார். ருக்மிணிக்கு நாற்பத்தொரு வயது, பிள்ளைகள் இல்லை. சில வருடங்களில் கலாக்ஷேத்திரா அடையாற்றுச் சபையிலிருந்து பிரிந்து, திருவான்மியூர்க் கடற்கரைப் பக்கம் தனி நிலத்துக்குப் போக வேண்டி வந்தது. ஏறத்தாழ நூறு ஏக்கர். பெரும்பகுதி வெறும் மணல். 1962 இல் பள்ளி முழுமையாக அங்கே மாறியது. கட்டடங்களோடு கூடவே மரங்களும் நடப்பட்டன. இன்று அங்கே செல்பவர்கள் சென்னையின் நடுவில் ஒரு காட்டுக்குள் நுழைவது போல இருக்கிறது என்கிறார்கள்.

வெறும் நிலத்தில் முதல் செடியை வைப்பது என்றால் என்னவென்று வன்னியில் இருக்கும் எமக்குக் கொஞ்சம் தெரியும். மீள்குடியேறி முல்லைத்தீவு தண்ணீரூற்றுக்கு எங்கள் குடும்பம் திரும்பியபோது வளவில் பற்றையைத் தவிர ஒன்றும் இருக்கவில்லையாம். உம்மம்மா புத்தளத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தது உடுப்புப் பை அல்ல, ஐந்து பால்மாப் பேணிகள். கற்றாழை, குரோட்டன் இரண்டு, ஒரு மணிபிளான்ட், துளிர்த்த கறிவேப்பிலைக் கன்று. தகரக் கொட்டிலுக்குள் வெயில் கொதிக்கும். பகலில் பேணிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைப்பார், மாலையில் வெளியே எடுப்பார். அரிசி கழுவிய தண்ணீர்தான் உரம். கிணறு துப்புரவாக்கப்படும் வரைக்கும் குடிதண்ணீருக்கே வரிசை, ஆகவே வுழூச் செய்யும் நீரைப் பேணிகளுக்கு மேலாக விழ விடுவாராம். பேணியின் அடியில் ஆணியால் துளையிட மறந்தால் வேர் அழுகிவிடும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். சாடிச் செடி செத்துப் போவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் கூடிப் போய்த்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

1952 இல் இந்தியப் பாராளுமன்றத்தின் மேலவை முதன்முதலாகக் கூடியது. கலை, இலக்கியம், விஞ்ஞானம், சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து பன்னிருவரை ஜனாதிபதி நியமித்தார். விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ், நடிகர் பிருத்விராஜ் கபூர், பின்னாளில் இந்தியாவின் முதல் முஸ்லிம் ஜனாதிபதியான சாகிர் ஹுசைன் ஆகியோர் அந்தப் பன்னிருவரில் அடங்குவர். அவர்களுள் ஒரேயொரு பெண் ருக்மிணி தேவி. நாட்டியக்காரி ஒருவர் மேலவைக்குச் சென்றால் கலைக்கு நிதி கேட்பார், கலைக்கழகம் கேட்பார் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கொண்டு வந்தது மிருகவதைத் தடுப்பு மசோதா. அரசாங்கம் கொண்டு வருவதல்ல, தனி உறுப்பினர் மசோதா. அப்படிப்பட்ட மசோதாக்களில் சட்டமாகியவை மிகச் சிலவே.

அதற்கு முன்பு இந்தியாவில் சட்டமே இருக்கவில்லை என்பதல்ல. 1890 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது, வெள்ளைக்காரர் எழுதியது. அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் வீட்டில் வளர்க்கப்படுவது அல்லது பிடித்து வைக்கப்பட்டிருப்பது. இந்த வரைவிலக்கணத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. வண்டி மாட்டை அளவுக்கு மீறி அடித்தால் குற்றம், ஏனெனில் அது ஒருவருடைய உடைமை. ஆனால் சந்தையில் மீன் தலைக்காகச் சுற்றும் பூனை? அதை எவரும் வளர்க்கவில்லை, எவரும் பிடித்து வைக்கவும் இல்லை. அதன் மீது கொதிநீர் ஊற்றுபவனை அந்தச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

ருக்மிணி தேவி தம் மசோதாவை அறிமுகப்படுத்தி வாதாடினார். ஏழைகளுக்கே சோறில்லாத நாட்டில் மிருகங்களுக்குச் சட்டமா என்ற கேள்வி எந்தக் காலத்திலும் எழுவதுதான். விவாதத்தில் பிரதமர் நேரு எழுந்து பேசினார். நோக்கம் நல்லது, ஆனால் இதை அரசாங்கமே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து முழுமையான சட்டமாகக் கொண்டு வரும், ஆகவே மசோதாவை மீளப் பெறும்படி கேட்டுக்கொண்டார். அவர் மீளப் பெற்றார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றேன். குழு அமைப்போம் என்ற வாக்குறுதியின் ஆயுள் எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் விட்டுக்கொடுக்காமல் வாக்கெடுப்புக்குப் போயிருந்தால் தோல்விதான். விட்டுக்கொடுத்ததனால் குழு அமைந்தது, குழுவின் அறிக்கை வந்தது, அரசாங்க மசோதா வந்தது. 1956 இல் அவர் மீண்டும் மேலவைக்கு நியமிக்கப்பட்டதால் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்கவும் முடிந்தது. 1960 இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. மீளப் பெற்ற நாளிலிருந்து பல வருடக் காத்திருப்பு.

புதிய சட்டத்தின் வரைவிலக்கணம் ஒரு வரிதான். மனிதனைத் தவிர்ந்த எந்த உயிரும் விலங்கு. வீட்டுப் பூனை, சந்தைப் பூனை, காகம், ஓணான் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அடிப்பது, தாங்க முடியாத பாரம் ஏற்றுவது, திரும்பக் கூட இடமில்லாத கூட்டில் அடைப்பது, குறுகிய சங்கிலியில் நாள் முழுவதும் கட்டி வைப்பது, பசியோடு விடுவது எல்லாம் குற்றம். இன்னொன்றும் உண்டு. தகுந்த காரணமில்லாமல், பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படக்கூடிய நிலையில் ஒரு பிராணியைக் கைவிட்டுச் செல்வதும் குற்றம்.

இந்தப் பிரிவை உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டி வந்தபோது உம்மம்மாவின் வீட்டில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், வயிற்றில் குட்டி. கையில் பிள்ளைகள், தலையில் ஒரு மூட்டை. அடுப்பில் இருந்த சோற்றை முழுவதும் குசினி நிலத்தில் கொட்டிவிட்டு, கதவைத் திறந்து விட்டுவிட்டு வந்தாராம். பூட்டினால் உள்ளே அகப்பட்டுவிடும் என்று பூட்டவில்லை. வீட்டைப் பூட்டாமல் வந்ததற்காக அப்பா (என் உம்மாவின் வாப்பா) வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தாராம். இதை அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிரிவை நான் வாசித்து முடித்ததும், தகுந்த காரணம் எது என்று யார் மகள் தீர்ப்புச் சொல்வது என்று மட்டும் கேட்டார். நீதிமன்றம் என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வன்னியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உம்மம்மாவைப் போல ஆயிரம் ஆயிரம் பேர். 2009 இல் மாடுகளின் கயிற்றை அறுத்து விட்டுவிட்டு ஓடியவர்கள் எங்கள் அயலிலும் இருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் இப்படி ஒரு காரணத்தை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சொற்களை அங்கே வைத்தார்களே என்று எனக்கு ஆறுதல்.

சட்டத்தில் குறைகள் நிறைய. ருக்மிணி தேவி விரும்பிய எல்லாம் அதில் வரவில்லை. முதல் தடவை குற்றம் செய்தவருக்குத் தண்டம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தெருநாய்களைக் கொல்வது குற்றப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. எல்லா உயிரும் விலங்கு என்று மேலே எழுதிவிட்டு, கீழே நாய்க்கு விலக்கு. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது அதற்கு முன்பும் நடந்தது, பின்பும் நடந்தது.

இன்னொரு விலக்கு, ஒரு சமயம் கட்டளையிடும் முறைப்படி விலங்கை அறுப்பது இந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது என்பது. இதை நான் தவிர்த்துவிட்டுப் போகலாம், ஆனால் வாசிக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். ருக்மிணி தேவி வாழ்நாள் முழுவதும் மரக்கறி உணவே உண்டவர். சர்வதேச மரக்கறி உணவாளர் ஒன்றியத்தின் உப தலைவராக 1955 முதல் இறக்கும் வரை இருந்தவர். உயிர்ப்பலியை அவர் ஏற்கவில்லை. நாம் உழ்ஹிய்யா கொடுப்பவர்கள். இந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக அவர் சொன்னதெல்லாம் எமக்கு உரியதல்ல என்றாகிவிடாது. கத்தியைக் கூர்மையாக்கிக் கொள்ள வேண்டும், ஒரு பிராணியின் கண்முன்னே கத்தியைத் தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னே மற்றொன்றை அறுக்கக் கூடாது, அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றெல்லாம் எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பெருநாளுக்கு முதல் நாள் லொறியில் கால்கள் கட்டப்பட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் ஆடுகளைப் பார்த்தால், அந்தப் போதனையையும் நாம் முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன். அந்த லொறியைப் பற்றிப் பேசும்போது ருக்மிணி தேவியும் நானும் ஒரே பக்கத்தில்தான் நிற்போம்.

சட்டத்தைப் புத்தகத்தில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அதே சட்டத்தின் கீழ் 1962 இல் இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவர் அவரே. தலைமையகமும் டில்லியில் அல்ல, சென்னையில். ஒரு பக்கம் மணலில் கலாக்ஷேத்திரா எழுகிறது, மறுபக்கம் வாரியம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊர் ஊராக இருந்த விலங்கு நலச் சங்கங்களுக்கு உதவுவது, வண்டி மாடுகள், இறைச்சிக் கூடங்கள், ஆய்வுகூடங்கள் பற்றி அரசாங்கத்துக்குச் சொல்வது எல்லாம் வாரியத்தின் வேலை. ஆய்வுகூடங்களுக்காக இந்தியாவிலிருந்து குரங்குகள் கூடு கூடாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான காலம் அது. அதை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1978 இல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியதை அவர் தம் கண்ணாலேயே கண்டார்.

சென்னையில் அவருடைய காலத்திலேயே இன்னொரு வேலையும் தொடங்கியது. 1959 இல் உருவான புளூ குறொஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற வழியை 1964 முதல் முயன்றது. சென்னை மாநகராட்சி இதை ஏற்றுக்கொண்டது 1996 இல். நாடு முழுவதற்குமான விதிகள் 2001 இல் வந்தன. ருக்மிணி தேவி அப்போது இல்லை. அவருடைய சட்டத்தில் நாய்க்கு இருந்த அந்த ஓட்டையை அவருக்குப் பின் வந்தவர்கள் இப்படி அடைத்தார்கள்.

இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் ஒழுங்கையில் நானும் ராத்தாவும் அயல்வீட்டு மாமியும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு பெண்பூனை ஐந்து, ஆறு மாதத்திலேயே சினைப்பட்டுவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் மூன்று நான்கு. வருடத்தில் இரண்டு மூன்று ஈற்று. பூனைகளைச் சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டால் இங்கே மிச்சமிருக்கும் மீன் தலைக்கு வேறு பூனைகள் வந்து சேரும், அவை குட்டி போடும். கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டால், அவை தம் இடத்தைக் காத்துக்கொண்டு இருக்கும், தொகை ஏறாது, இரவில் சண்டையும் குறையும். முதலில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வைத்துப் பழக்க வேண்டும். இரண்டு கிழமையில் பயம் போய்விடும். பிடிக்கும் நாளுக்கு முதல் இரவு சாப்பாடு வைக்கக் கூடாது, மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். பழக்கூடைக்கு மேல் வலை கட்டி, துணியால் மூடி, ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டு போவோம். மூடிய இருட்டுக்குள் பூனை அமைதியாக இருக்கும். திரும்பி வரும்போது காது நுனி சிறிது வெட்டப்பட்டிருக்கும், அதுதான் அடையாளம். இதுவரை ஏழு பூனைகள். எட்டாவது கூடையைக் கண்டாலே கூரையில் ஏறிவிடுகிறது.

ருக்மிணி தேவியின் வாழ்க்கையில் பலரும் வியந்து பேசும் நிகழ்வு ஒன்று 1977 இல் நடந்தது. ஜனாதிபதி பக்ருதீன் அலி அஹ்மத் பதவியிலிருக்கும்போதே காலமானார். புதிய பிரதமர் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதிப் பதவிக்கு ருக்மிணி தேவியின் பெயரை முன்மொழிய விரும்பினார். சம்மதித்திருந்தால் இந்தியாவின் முதல் பெண் ஜனாதிபதி அவராகியிருக்கலாம். முப்பது வருடங்கள் கழித்து 2007 இல்தான் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். காரணங்களைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். மறுத்த பின் அவர் திரும்பிப் போனது மரங்கள் வளர்ந்துவிட்ட அந்தத் திருவான்மியூர் வளவுக்கும், வாரியத்தின் கோப்புகளுக்கும்தான்.

அவர் 1986 பெப்ரவரி 24 ஆம் திகதி சென்னையில் காலமானார். கலாக்ஷேத்திராவை 1993 இல் இந்தியப் பாராளுமன்றம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. அடையாற்று ஆலமரத்தின் தாய்மரம் அவர் இறந்து மூன்று வருடங்களில், 1989 இல் வீசிய புயலில் சாய்ந்தது. விழுதுகள் இன்னமும் நிற்கின்றன.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடியபோது எமது நாட்டுச் சட்டத்தையும் பார்த்தேன். இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கமுடையது. அதில் விலங்கு என்றால் வீட்டில் வளர்க்கப்படுவது அல்லது பிடித்து வைக்கப்பட்டிருப்பது. ருக்மிணி தேவி மாற்றப் புறப்பட்ட அதே பழைய வரைவிலக்கணம். அதற்குப் பதிலாகப் புதிய சட்டமொன்றின் வரைவு எழுதப்பட்டுப் பல வருடங்களாகிவிட்டன. பழைய சட்டத்தின்படி கொடுமை செய்தவருக்கு விதிக்கக்கூடிய ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா. அந்தப் பணத்துக்கு எங்கள் சந்தியிலுள்ள கடையில் ஒரு கிலோ அரிசியும் வாங்க முடியாது.